‘ஜப்பான் டயர், பூ நிறைய இருக்கு’ என்று சொன்னால் உடனே வாங்கிவிடாதீர்கள்

தாப்பா, பீடோர், சுங்காய் வட்டாரத்தில் பழைய டயர் வாங்கப் போகிறவர்கள், அதிலும் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பூ என்றால் டயரின் மேல்பரப்பில் வெட்டியிருக்கும் கட்டைகளும் பள்ளங்களும். எங்களுக்கு விற்கப்பட்டவை பனி டயர்கள். ஜப்பானில் குளிர்காலத்தில், உறைந்து கிடக்கும் சாலையில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. அதைச் சொல்லாமல், ‘மழைக்கு இதைவிட நல்ல டயர் கிடையாது’ என்று நான்கையும் மாட்டி அனுப்பிவிட்டார்கள். கேமரன் மலை சாலையில் வண்டி சறுக்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

வண்டி, அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய பஜேரோ. 2.8 லிட்டர் டீசல். வயதானாலும் இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தம்பியும் நானும் டவுனில் காய்கறிக் கடை வைத்திருக்கிறோம். கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டிலிருந்து முட்டைக்கோஸ், தக்காளி, பூக்கள் எல்லாம் இந்த வண்டியில்தான் இறங்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து ஒரேயடியாக 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியதே, அதற்கப்புறம் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கை எப்படிக் கடித்தது என்பது உங்களுக்கே தெரியும். டயர் நான்கும் தேய்ந்துபோனபோது, புதியது ஒன்று வாங்கும் காசில் பழையது மூன்று வாங்கலாம் என்ற கணக்கில்தான் அந்தக் கடைக்குப் போனோம். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

கடைக்காரர் நம் ஆள்தான். “அக்கா, இது ஜப்பான் சாமான். அங்க உள்ளவன் ரெண்டு மூனு வருசம் ஓட்டிட்டுத் தூக்கிப் போட்டுடுவான். பூ எவ்வளவு ஆழம்னு விரலை விட்டுப் பாருங்க” என்றார். பார்த்தோம். உண்மையாகவே பூ ஆழமாக இருந்தது. வெடிப்பு இல்லை, ஒட்டுப்போட்ட அடையாளமும் இல்லை. தம்பி தெளிவாகவே கேட்டான்: “அண்ணே, மலை ஏறுற வண்டி. சுமையோட இறங்கணும், பாதி நாள் மழை. தாங்குமா?” அதற்கு அவர், “கேமரன் குளிருக்கு இதுதான் தம்பி ரொம்பப் பொருத்தம்” என்றார்.

அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அது குளிருக்கான டயர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் விற்றார்.

பனி டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழேதான் ஒழுங்காக வேலை செய்யும். சாதாரண டயர் இறுகிப்போகும் குளிரிலும் இளகியிருக்க வேண்டும் என்றே அதன் கலவையைத் தயாரிக்கிறார்கள். நம் நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, அதுவும் கேமரன் மலையில்தான். அதாவது நம் நாட்டின் மிகக் குளிர்ந்த இடத்தில், பதிவிலேயே மிகக் குளிர்ந்த நாளில்கூட, இந்த டயருக்கு வேலை வரவில்லை. தாப்பாவில் உச்சி வெயிலில் தார் சாலை 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதன் மேல்தான் இதை ஓட்டச் சொல்லி மாட்டிவிட்டார்கள்.

மாட்டிய நாளிலிருந்தே ஸ்டீரிங் சரியில்லை. திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். நெடுஞ்சாலையில் வண்டியின் பின்பக்கம் மெல்ல ஆடும். தம்பி அலைன்மெண்ட் செய்தான், பேலன்சிங் செய்தான், காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தான். மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடிக்கொண்டே போனது. அப்புறம் பிரேக் மேல் சந்தேகம். டீசல் இஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கத் தனியாக ஒரு பம்ப் இருக்கும். பழைய வண்டிகளில் அது பலவீனமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. பம்ப் நன்றாக இருந்தது, பிரேக் பேட் புதியது, அப்சார்பரும் சரி. பணம்தான் போய்க்கொண்டிருந்தது.

சறுக்கிய அன்று வண்டியில் தம்பி, நான், அத்தை, தம்பியின் சின்னப் பெண். பின்னால் காய்கறிக் கூடைகள். ரிங்லெட் தாண்டி இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. லத்தா இஸ்கண்டார் அருவிக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவு. தம்பி இரண்டாவது கியரில்தான் வந்தான், வேகம் கிடையாது. லேசாகப் பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் அப்படியே வெளியே போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டி. மலைப் பக்கத்துக் கால்வாயில் சக்கரம் இறங்கி நின்றது. எதிர்ப்பக்கம் போயிருந்தால் பள்ளம். அடுத்த நிமிடமே எதிரே ஒரு காய்கறி லோரி வந்தது. அத்தை ‘முருகா’ என்று சொன்னவர் வீட்டுக்கு வந்து சேரும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை இப்போதும் அந்த வண்டியில் ஏற மறுக்கிறாள். யாருக்கும் அடியில்லை என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளால் அந்தக் குழந்தை அந்தப் பள்ளத்தில் கிடந்திருக்கும் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பீடோரில் ஒரு வயதான பட்டறைக்காரர் டயரைப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். பூவின் ஒவ்வொரு கட்டையிலும் சவரக்கத்தியால் வகுந்தது போல மெல்லிய வளைந்த கீறல்கள் நெருக்கமாக இருந்தன. கட்டைகளின் ஓரம் பிய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. “இது பனி டயர்மா. நம்ம ஊர்ல இதைப் போடக் கூடாது” என்றார். சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் திருப்பினார். ‘ஸ்டட்லெஸ்’, அதாவது ஆணி பதிக்காத பனி டயர், என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தார்கள். தயாரிப்புக் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம், 4115. 2015ஆம் ஆண்டு 41ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ‘ரெண்டு மூனு வருசம்’ என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

நான் படங்களை ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி மகனுக்கு அனுப்பினேன். அவரும் ஒரு பழைய டீசல் கார்தான் ஓட்டுகிறார். அங்கே அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை பனி டயர் என்பது வழக்கம். படத்தைப் பார்த்ததும் போன் பண்ணி, “அக்கா, இதை இன்னைக்கே கழட்டுங்க” என்றார். அவர் தன் காருக்குப் பனி டயர் எடுக்கும்போது என்னவெல்லாம் பார்ப்பார் என்று விளக்கினார். டீசல் இஞ்சின் கனமானது, முன்சக்கரங்களின் மேல் அந்தப் பாரம் விழும். அதனால் டயரில் எழுதியிருக்கும் சுமை எண் வண்டிக்குச் சொல்லப்பட்டதற்குக் குறையக் கூடாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையாகப் போட வேண்டும். தயாரித்த ஆண்டைப் பார்க்க வேண்டும். அப்புறம் பூவின் ஆழம். எனக்கு எல்லாம் விளங்கியது இந்த இடத்தில்தான்.

ஆஸ்திரியாவில் பனி டயரின் பூ 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி அது பனி டயரே கிடையாது. ஜப்பானில் பூ பாதி தேய்ந்ததும் பனிக்கு உதவாது என்று காட்டுவதற்காகவே டயரின் பள்ளத்துக்குள் தனி மேடு வைத்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் அங்குள்ளவர்கள் கழற்றிவிடுவார்கள். நம் ஊரிலோ எல்லா டயருக்கும் பொதுவான 1.6 மில்லிமீட்டர் அளவைத்தான் நாம் பார்க்கிறோம். அதோடு வைத்துப் பார்த்தால் பாதி தேய்ந்த பனி டயர் புதுசு மாதிரியே தெரியும். பழைய டயர்க் குவியலில் பூ அதிகமாக உள்ளதைத்தான் நாம் எல்லோரும் தேடி எடுப்போம். அந்தப் பழக்கம்தான் இந்த வியாபாரத்துக்கு மூலதனம். பூ எவ்வளவு ஆழம் என்று விரலை விடச் சொல்லும் கடைக்காரர் உங்கள் கண்ணை டயரின் பக்கவாட்டுக்குப் போகவிடாமல் தடுக்கிறார்.

ஜப்பானில் ஒரு காலத்தில் குளிர்காலத்துக்கு ஆணி பதித்த டயர்தான் போட்டார்கள். அந்த ஆணி சாலையைச் சுரண்டி, ஊரெல்லாம் தூசி பறந்து, மக்கள் எதிர்ப்பு கிளம்பி, 1990இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஆணி இல்லாமல், இளகிய ரப்பராலும் நுண்ணிய கீறல்களாலும் பனியைப் பிடிக்கும் டயர் அங்கே பரவியது. நல்ல தொழில்நுட்பம்தான், அந்த ஊருக்கு. சூடான சாலையில் அந்தக் கீறல்களால் பூவின் கட்டைகள் நிலையாக நிற்காமல் நெளியும். பிரேக் தூரம் கூடும், ரப்பரும் சீக்கிரம் கரையும். டீசல் வண்டி குறைந்த வேகத்திலேயே பலமாக இழுக்கும் என்பதால் பின்டயர் இன்னும் சீக்கிரம் போகும். ஒன்பது பத்து வருடம் ஆன டயர் என்றால் ரப்பர் இறுகியும்விடும். அப்போது பனிக்கான இளக்கமும் இல்லை, நம் மழைச் சாலைக்கு வேண்டிய உறுதியும் இல்லை.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்றால், முதலில் அந்த மெல்லிய கீறல்கள். பூவின் எல்லாக் கட்டைகளிலும் அவை நெருக்கமாக இருந்தால் வாங்காதீர்கள். அப்புறம் டயரின் இரண்டு பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, தயாரித்த தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். ‘ஸ்டட்லெஸ்’ என்ற எழுத்து, அல்லது பிளிசாக், ஐஸ்கார்டு, வின்டர் மேக்ஸ், எக்ஸ்-ஐஸ் போன்ற பெயர் இருந்தால் அது பனி டயர்தான். இவை நல்ல கம்பெனிகள் குளிர்நாட்டுக்காகச் செய்கிற நல்ல டயர்கள், தவறு அவர்களுடையது இல்லை. மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் பனிச்சில்லும் போட்ட சின்னத்தையும் தேடுங்கள். ஆனால் காட்டுப் பாதையிலும் ஓடும் சில ஆல்-டெரெய்ன் டயர்களிலும் அந்தச் சின்னம் வரும், பழைய ஜப்பான் பனி டயரில் அது இல்லாமலும் போகலாம். சேறு, பனி என்பதைக் குறிக்கும் ‘எம்+எஸ்’ என்ற எழுத்து பெரும்பாலான ஃபோர்வீல் டயர்களிலும் இருக்கும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. சுமை எண்ணுக்குப் பக்கத்தில் கியூ என்ற எழுத்து இருந்தால், மணிக்கு 160 கிலோமீட்டர்தான் அதன் எல்லை. ஜப்பான் பனி டயர்களில் அது சாதாரணம், சேற்று டயர்களிலும் வரும். அதைப் பார்த்தால் இன்னும் கவனமாகக் கீறல்களைப் பாருங்கள்.

நாங்கள் டயர்களைத் திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரரின் பேச்சே மாறிவிட்டது. செகண்ட்ஹேண்ட் சாமானுக்கு உத்தரவாதம் கிடையாதாம். ஓட்டத் தெரியாதவர்களுக்கு எந்த டயரும் சறுக்குமாம். தம்பி இருபது வருடமாக அந்த மலை சாலையில் ஓட்டுகிறவன், அவன் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொன்னார். ரசீதில் ‘டயர் 4’ என்று மட்டும் எழுதியிருந்தது. நல்லவேளை, விலை கேட்டபோது அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி தம்பியின் போனில் இருந்தது. ‘மழைக்கு நல்ல டயர், மலைக்கும் ஓகே’ என்று எழுத்திலேயே இருக்கிறது.

அதை வைத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது திரிபியூனல் துந்துத்தான் பெங்குனாவில், மனு கொடுத்துவிட்டோம். பலர் இதற்கு வக்கீல் வேண்டும், பெரிய செலவு என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் தேவையில்லை, நாமே பேசலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். ‘செகண்ட்ஹேண்ட்’ என்ற ஒரு சொல்லால் அதிலிருந்து யாரும் தப்பிக்க முடியாது. டயருக்குக் கொடுத்த பணம், பட்டறைகளில் வீணாகச் செலவழித்தது, கால்வாயிலிருந்து வண்டியை இழுத்த கூலி எல்லாம் கேட்டிருக்கிறோம். விசாரணைக்குத் தேதி வர வேண்டும்.

வண்டிக்கு இப்போது புது டயர். கூட்டுப் பணம் எடுத்து நான்கும் மாற்றினோம். அதே வளைவில், அதே மழையில் தம்பி இறங்கிப் பார்த்துவிட்டான், வண்டி அசையவில்லை. கழற்றிய பனி டயர்கள் சாட்சியாக வீட்டுப் பின்னால் கிடக்கின்றன. அதே கடையில் அதே குவியலிலிருந்து வாங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள். அக்டோபர், நவம்பர் மழை தொடங்குவதற்குள் உங்கள் டயரின் உள்பக்கத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பனி டயராக இருந்தால் படமும் ரசீதும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். மனு எழுத நான் உதவுகிறேன்.