ஆறு வருஷம் கழித்து ஊருக்குப் போனவனின் கணக்கு

மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. கிளம்பும்போதே மனைவி, "யார் என்ன கேட்டாலும் காசை நீட்டிடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கிய கால் மணி நேரத்தில் நீட்டிவிட்டேன். கைக்குழந்தையோடு ஒரு பெண். பர்ஸ் தொலைந்துவிட்டதாம், மேலூர் போகணும், பஸ்ஸுக்கு இருநூறு ரூபாய் வேண்டுமாம். அழவில்லை, கெஞ்சவில்லை. அந்த அடக்கம்தான் என்னை விழத்தட்டியது. கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பினால் மாஸ்டர் சிரிக்கிறார். "வெளியூரா சார்? மேலூருக்கு டவுன் பஸ் போகுது. பொம்பளைங்களுக்கு அதுல டிக்கெட்டே கிடையாதே!" 2021-லேயே வந்த திட்டம். நான் கடைசியாக வந்துபோனது அதற்கு முன்பு. அந்தப் பெண்ணுக்கு வேறு ஏதாவது அவசரம் இருந்திருக்கலாம், தெரியாது. ஆனால் ஊர்க்காரனுக்கு ஒரு நொடியில் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சூட்டோடு ஊருக்குப் போனேன். மறுநாள் தேதி பதினைந்து. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறும் நாள் என்பதால் ஏடிஎம் வாசலில் பெண்கள் வரிசை. எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காட்டிலிருந்து நேராக வந்திருப்பார் போல, முழங்கை வரை மண். கார்டை என்னிடம் நீட்டி, "தம்பி, ஆயிரம் எடுத்துக் குடுப்பா" என்றார். கார்டு உறையின் மேலேயே நீலப் பேனாவில் நாலு இலக்கம்.

உதவி செய்கிற மாதிரி கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு பணத்தை வழித்தெடுக்கும் கும்பல்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால், மேலே இருக்கும் கேமராவில் என் முகம்தானே இருக்கும்? "எனக்கு இந்த மிஷின் தெரியாதுக்கா" என்று பொய் சொன்னேன். இருபது வருஷமாகக் கணினியில் சோறு தின்பவன்!

பின்னால் யூனிஃபார்மில் நின்ற பள்ளிக்கூடப் பெண் கார்டை வாங்கிக்கொண்டாள். ரெண்டு ஐநூறு. அவர் கண்ணெதிரே எண்ணி, ரசீதைக் கார்டோடு சேர்த்து மடித்துக் கையில் வைத்தாள். "அத்தை, அந்த நம்பரை முதல்ல அழிங்க. யார்கிட்டயும் காட்டாதீங்க." அந்த அம்மா எச்சில் தொட்டு அங்கேயே தேய்க்க ஆரம்பித்தார். நான் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் விடிகாலை நாலரை மணி. என் போன் செத்துக் கிடந்தது, கூட்டிப்போக வந்த பெரியப்பா மகனைக் காணோம். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம், "தம்பி, ஒரே ஒரு கால்" என்று கை நீட்டினேன். அவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நட்சத்திரக் குறி போட்டு 401 என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்திவிட்டால் நமக்கு வரும் அழைப்பெல்லாம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று படித்திருக்கிறேன். தொலைத்தொடர்புத் துறையே எச்சரித்த மோசடி அது. பையனுக்கும் தெரிந்திருக்கிறது.

"நம்பர் சொல்லுங்க அங்கிள், நானே போடுறேன்."

போட்டான். போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, என் வாய்க்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தான்.

"எங்கடா தொலைஞ்ச? ஒரு மணி நேரமா ஏர்போர்ட்ல நிக்கிறேன்!" அண்ணன் குரல் பிளாட்ஃபாரம் முழுக்கக் கேட்டது.