டிராக்டர் கியர் பாக்ஸ்: எட்டு கியர் போதுமா, ஷட்டில் வேண்டுமா?

டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். கியர் பாக்ஸ் விஷயத்தில் மட்டும் ஷோரூமில் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பத்து வருஷம் அந்தக் கியரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பழைய ஸ்லைடிங் மெஷ்ஷில் பல்சக்கரமே தண்டின்மேல் நகர்ந்து இன்னொன்றைக் கவ்வும். அவசரப்பட்டு மாற்றினால் கரகரவென்று பல் தேயும். கான்ஸ்டன்ட் மெஷ்ஷில் சக்கரங்கள் எப்போதும் கவ்வியபடியே சுற்றும், ஒரு காலர் மட்டும் நகர்ந்து வேண்டிய சக்கரத்தைப் பூட்டும். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ‘பார்ஷியல் கான்ஸ்டன்ட் மெஷ்’ என்றால் சில கியர்கள் இன்னமும் பழைய முறைதான். எவை என்று கேட்டுவிடுங்கள்.

கவ்வுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் இருந்தால் ஓட்டத்திலேயே கியர் மாற்றலாம். கரும்பு, செங்கல் ஏற்றி ரோட்டில் டிரெய்லர் ஓட்டுபவருக்கு அது பெரிய வசதி. உழவில் அவ்வளவு பயனில்லை. கலப்பை மண்ணுக்குள் இருக்கும்போது கிளட்சை மிதித்தாலே வண்டி நின்றுவிடுமே!

உண்மையான போட்டி 8+2 கியருக்கும் (முன்னே எட்டு, ரிவர்ஸ் இரண்டு) 12+12 ஷட்டிலுக்கும்தான் (முன்னே பன்னிரண்டு, ரிவர்ஸ் பன்னிரண்டு). 50 சென்ட் வயலை 45 மீட்டர் சதுரம் என்று வையுங்கள். மண்ணைக் கிளறும் ஆறடி ரோட்டவேட்டருக்கு அதில் சுமார் 25 ஓட்டம். வரப்பு ஓரத்தில் திரும்பும்போது பல தடவை ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். எட்டு கியர் வண்டியில் ஒவ்வொரு முறையும் கியர் கம்பியைத் தள்ளி ரிவர்ஸைத் தேட வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டிலில் கிளட்சை மிதித்து, ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியை முன்னே, பின்னே தள்ளினால் போதும். நாள் முழுக்க சேறடித்துவிட்டு இறங்கும்போது தோளும் காலும் இந்த வித்தியாசத்தைச் சொல்லும். முன்னால் லோடர் மாட்டுகிறவர்களுக்கு ஷட்டில் இல்லாமல் சரிப்படாது. கிளட்சே மிதிக்க வேண்டாத பவர் ஷட்டில் இன்னும் சுகம். ஆனால் பழுதானால் ஹைட்ராலிக் தெரிந்த மெக்கானிக் பக்கத்து ஊரிலாவது இருக்க வேண்டும்.

பெரிய பெரிய துண்டாக மானாவாரி நிலம் வைத்திருப்பவர் ஷட்டிலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. நீள ஓட்டம், குறைந்த திருப்பம், 8+2 தாராளமாகப் போதும்.

கியர் எண்ணிக்கையில் மயங்கவும் வேண்டாம். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்றில் நிற்க வேண்டும் என்பதால் எஞ்சின் வேகத்தை இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. மெதுவாகப் போகக் கியர்தான் வழி. அதனால் வேக அட்டவணையை வாங்கி, மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டருக்குள் எத்தனை கியர் விழுகிறது என்று எண்ணுங்கள்.

கூடவே டூயல் கிளட்ச் கேளுங்கள். சிங்கிள் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் சேர்ந்து நிற்கும். டூயலில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும். வைக்கோல் குவியலாக வரும்போது கட்டுக் கட்டும் பேலர் அதை விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்க இது வேண்டும்.

கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டேடிக் அமெரிக்காவில் புல் வெட்டும் சிறு டிராக்டர்களில் சகஜம். உழவில் எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு எண்ணெயைச் சூடாக்குவதிலேயே போய்விடும், நமக்கு வேண்டாம்.

நெல் வயலுக்கு என் தேர்வு கான்ஸ்டன்ட் மெஷ், டூயல் கிளட்ச், மெக்கானிக்கல் ஷட்டில். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் ரோட்டில் ஓட்டாதீர்கள். ரோட்டவேட்டரை மாட்டி, உங்கள் வயல்களிலேயே சின்னதில் இறக்குங்கள்.