2 நிமிஷம்னு சொல்லுது, வண்டி அசையல: டாக்ஸி ஆப்பும் ஸ்டாண்டு அண்ணனும்

ஃப்ரெண்டு ஒருத்தி வேலை மாறியிருக்கா. டெய்லி போக வர ஆப்ப நம்பலாமாடி, இல்ல தெருமுனை ஸ்டாண்டுலயே யார்கிட்டயாவது பேசி வச்சுக்கவான்னு கேட்டா. ரெண்டு வரில பதில் சொல்லலாம்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன், பாதியிலயே கோபம் வந்துருச்சு, சரி மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். ஆப்ப எப்படி இறக்குறது, எப்படி புக் பண்றது, ஓடிபி எங்க வரும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அத விட்டுடறேன். ஆபீஸ், ஸ்டேஷன், அம்மாவோட ஆஸ்பத்திரி செக்கப், லக்கேஜோட ஏர்போர்ட்னு பல வருஷமா ரெண்டையும் மாத்தி மாத்தி யூஸ் பண்றேன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றது.

எனக்கு இருக்கறது ஒரே ஒரு பிரச்சனை. அந்த 2 நிமிஷம்.

புக் பண்ணினதும் "டிரைவர் 2 நிமிடத்தில் வருவார்"னு வரும். சரின்னு செருப்ப மாட்டி வீட்டப் பூட்டி அம்மாவ மெதுவா படி இறக்கி கீழ கொண்டு வந்து நிறுத்துவேன். பார்த்தா இப்பவும் 2 நிமிஷம். அடுத்து 4 ஆகும், அப்புறம் 3, திரும்பவும் 2. மேப்புல அந்த குட்டிக் கார் நின்ன இடத்துலயே நிக்கும், இல்லன்னா மூக்கு மட்டும் திரும்பும், வண்டி நகராது. சில நேரம் நம்ம வீட்டுக்கு நேர் எதிர் திசைல கம்பீரமா போயிட்டு இருக்கும், அப்பவும் மேல 2 நிமிஷம்தான் எழுதியிருக்கும். லேட் ஆகறதுல எனக்கு கோபமே இல்லங்க, டிராபிக்னா லேட் ஆகத்தான் செய்யும். 15 நிமிஷம்னு முன்னாடியே சொல்லியிருந்தா அம்மா மேல ஃபேன் காத்துல உக்காந்திருப்பாங்க, முட்டி வலியோட ரோட்டோரம் நின்னுட்டு இருக்க மாட்டாங்க, அவ்வளவுதான் என் வாதம்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு வண்டில ஏறும்போதெல்லாம் டிரைவர்கள்கிட்ட கேட்டுக் கேட்டு, கொஞ்சம் படிச்சும் பார்த்து, ஓரளவுக்கு புரிஞ்சு வச்சிருக்கேன். முத காரணம், அவர் இன்னும் முந்தின சவாரிய முடிச்சிருக்க மாட்டார். உள்ள ஆள் இருக்கும்போதே அடுத்த சவாரிய ஆப் அவர் தலைல கட்டிடும், உள்ள இருக்கறவர இறக்கிவிட இவ்வளவு நேரம் உங்ககிட்ட வர இவ்வளவு நேரம்னு கூட்டிப் போட்டு ஒரு நம்பர் காட்டும். இறங்கற ஆள் டிக்கில இருந்து நாலு பெட்டிய இறக்கி, சில்லறை தேடி, கேட்ட திறந்து உள்ள போற நேரமெல்லாம் அந்த கணக்குக்கு எங்க தெரியப் போகுது. ரெண்டாவது மேப்பு. உயரமான கட்டடங்களுக்கு நடுவுல சாட்டிலைட் சிக்னல் செவுத்துல மோதித் திரும்பறதால வண்டி பக்கத்துத் தெருவுல நிக்கற மாதிரி காட்டும், மேம்பாலத்துக்கு மேல இருக்காரா கீழ இருக்காரான்னு அதுக்கே குழப்பம், ரோட்டுக்கு நடுவுல தடுப்பு இருந்தா அந்தப் பக்கம் நிக்கற வண்டி கண்ணுக்குத் தெரியும், ஆனா சுத்தி வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிடலாம். இதெல்லாம் மெஷின் பிரச்சனை, மன்னிச்சு விட்டுடுவேன்.

மூணாவதுதான் ரத்தக்கொதிப்பு. வண்டி வேணும்னே நிக்கும். டிரைவருக்கு இந்த சவாரி வேண்டாம், தூரம் கம்மி, இல்ல போற இடம் பிடிக்கல, இல்ல அதே நேரத்துல இன்னொரு ஆப்புல நல்ல சவாரி விழுந்திருக்கு. அவரா கேன்சல் பண்ணினா அவர் கணக்குல கரும்புள்ளி, அதிகமானா சவாரி குறையும், சில ஆப்புல ஐடியையே முடக்கிடுவாங்க. அதனால நாம பொறுமை இழந்து கேன்சல் பண்ற வரைக்கும் அவர் அங்கயே நிப்பார். நாம பண்ணினா நமக்கு கேன்சல் சார்ஜ். ஆக யாரு முதல்ல கண்ண சிமிட்டறாங்கன்னு ஒரு போட்டி, ஒருபக்கம் ஏசி கார்ல ஒரு மனுஷன், இன்னொருபக்கம் முட்டி வலியோட எங்கம்மா. போன் பண்ணினா எடுக்க மாட்டார். மெசேஜ் போட்டா "வந்துகொண்டிருக்கிறேன்"னு ஒரு ரெடிமேட் பதில் வரும், கார் அசையவே அசையாது. புகார் பெட்டில போய் எழுதினா "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு ஒரு சாட்பாட் வருந்தும், கூடவே 1 முதல் 5 வரை என் சேவையை மதிப்பிடுங்கன்னும் கேக்கும், அது தனி எரிச்சல்.

டிரைவர திட்டறது சுலபம், அதனாலயே நான் அவங்க பக்கமும் கேட்டேன். நம்மள ஏத்திக்க வர்ற தூரத்துக்கு பெரும்பாலும் பைசா கிடையாது, காலி வண்டிதான், பெட்ரோல் அவரோடது. பல ஆப்புல எங்க போகணும்னு ஒத்துக்கிட்ட அப்புறம்தான் தெரியும், இல்லன்னா ஒத்துக்கறதுக்கு சில நொடிதான் இருக்கும், ஓட்டிட்டே பார்த்து அமுக்கணும். கமிஷன் போக கைக்கு வர்றது என்னன்னு கேட்டா பேச்சே மாறிடும். பிரிட்டன்ல இந்த சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2021 பிப்ரவரில தீர்ப்பு வந்தது, ஊபர் டிரைவர்கள் 'சுயதொழில்காரர்' இல்ல, குறைந்தபட்ச சம்பளமும் லீவும் கேக்க உரிமை உள்ள தொழிலாளிங்க, ஆள் ஏத்தின நேரம் மட்டும் இல்ல, ஆப்ப ஆன் பண்ணி சவாரிக்கு தயாரா காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான்னு சொன்னாங்க. அந்த வழக்குல கம்பெனி தன்னை வெறும் டெக்னாலஜி இடைத்தரகர்னு சொல்லிப் பார்த்துச்சு. 2017 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றமும் நீ ஆப் கம்பெனி இல்லப்பா, போக்குவரத்து சேவைதான்னு சொல்லியாச்சு. எனக்கு அதுல ஒரு அல்ப சந்தோஷம். ரோட்டுல நிக்கும்போது நானும் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன், கேக்கத்தான் ஆள் இல்ல.

ரேட்டு விஷயத்துல நான் அவ்வளவு கொதிக்கறதில்ல, ஆச்சரியமா இருக்கலாம். மழை பெஞ்சா ஏறும், ஆபீஸ் விடற நேரம் ஏறும், சரி, ஸ்டாண்டுக்காரங்க மட்டும் மழைல தள்ளுபடியா குடுத்தாங்க? ஆனா ஒண்ணு, முன்னாடி 1.8 மடங்குன்னு ஏத்தத்த முகத்துக்கு நேரா காட்டினாங்க, 2016 வாக்குல இருந்து முதல்லயே மொத்தத் தொகைய சொல்ற முறை வந்ததும் அந்த பெருக்கல் கண்ணுல இருந்து மறைஞ்சிருச்சு. இப்ப ஒரே நம்பர்தான், எடுத்தா எடு. 2014 டிசம்பர்ல சிட்னில ஒரு கஃபேல பணயக்கைதி பிரச்சனை நடந்தப்போ ஜனங்க அந்த ஏரியாவ விட்டு ஓட வண்டி தேட, கூட்டத்த பார்த்து மெஷின் ரேட்ட 4 மடங்கு ஏத்திருச்சு, அப்புறம் ஊபர் மன்னிப்பு கேட்டு பணத்த திருப்பிக் குடுத்தாங்க. மெஷினுக்கு கூட்டம்தான் தெரியும், கூட்டம் ஏன்னு தெரியாது. பழைய மீட்டர் அந்த விதத்துல தேவலாம், 1891ல ஜெர்மனிக்காரர் ப்ரூன் கண்டுபிடிச்ச காலத்துல இருந்து தூரம், நேரம் ரெண்டையும் நம்ம கண்ணு முன்னாடி கூட்டுது. சூடு வச்ச மீட்டர் தனிக்கதை, அதுலயும் மாட்டியிருக்கேன்.

ஏன்னா ஸ்டாண்டு ஒண்ணும் சொர்க்கம் கிடையாது, பழசெல்லாம் பொன்னுன்னு பேசறவங்க ராத்திரி பத்து மணிக்கு பொண்ணா பொறந்து ஸ்டாண்டுல பேரம் பேசிப் பார்த்ததில்ல. "அந்தப் பக்கம் வராதும்மா", "திரும்ப காலியா வரணும், டபுள் குடு", "லக்கேஜுக்கு தனி", நாலு பேர் சுத்தி நின்னு ஒரே ரேட்டு சொல்வாங்க, அஞ்சாவது ஆள் கம்மியா சொன்னா அவர முறைப்பாங்க. ஆப்பு இவ்வளவு வேகமா உள்ள வந்ததுக்கு பாதிக் காரணம் இவங்க பண்ணின அலட்டல்தான்.

ஆப்புல நிஜமாவே நான் கொண்டாடற விஷயம் பாஷை தெரியாத ஊர்ல கிடைக்கிற நிம்மதி. தெருப் பேரு வாயில நுழையாது, போர்டு படிக்கத் தெரியாது, ஆனா ஒரு வார்த்தை பேசாம ஹோட்டல் வாசல்ல போய் இறங்கலாம். ஏமாத்துவாங்களோன்னு பைய இறுக்கிப் பிடிச்சிட்டு உக்கார வேண்டியதில்ல, போற ரூட்டு போன்ல ஓடுது, வீட்டுல இருக்கற தங்கச்சிக்கு லிங்க் அனுப்பினா அவளும் பார்த்துட்டு இருப்பா, வண்டி நம்பர், டிரைவர் போட்டோ எல்லாம் அவ கைல. இது சின்ன விஷயம் இல்லங்க. ராத்திரி தனியா வெளிய போறதா வேண்டாமான்னு யோசிச்ச காலம் ஒண்ணு இருந்தது, இப்ப அந்த யோசனையே வர்றதில்ல, அதுக்கு நான் ஆப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இவ்வளவு சொல்லிட்டும் ஸ்டாண்டு அண்ணன் நம்பர் ஏன் போன்ல மேலயே இருக்குன்னு கேட்டா, அவர் "முடியாது"ன்னு சொல்வார். போன் பண்ணி "அண்ணே, ஆஸ்பத்திரி போகணும், அம்மாவுக்கு"ன்னா, "இப்ப சவாரில இருக்கேன்மா, அரை மணி ஆகும், அவசரம்னா வேற பாரு"ன்னுடுவார். இல்ல "பத்து நிமிஷம், கீழ இறங்காத, வந்து ஹாரன் அடிக்கறேன்"ம்பார், அடிப்பார். ஆப்பு என்னைக்காவது அப்படி சொல்லியிருக்கா? வண்டியே இல்லன்னாலும் "உங்களுக்கான டிரைவரைத் தேடுகிறோம்"னு சுத்திக்கிட்டே இருக்கும். இல்லன்னு சொன்னா நாம பக்கத்து ஆப்ப திறந்துடுவோம்ல, அந்த பயம்.

அதோட அவருக்கு ஆஸ்பத்திரியோட பின்கேட்டு தெரியும், எந்த கேட்டுல வீல்சேர் கிடைக்கும், எத்தனை மணிக்கு முன்கேட்டுல ஆம்புலன்ஸ் அடைச்சு நிக்கும்னு தெரியும். ஆப்பு எப்பவுமே மேப் பின்ன (pin) கட்டடத்து மண்டை மேல குத்திட்டு "வந்து சேர்ந்துவிட்டீர்கள்"னுடும். லண்டன்ல கறுப்பு டாக்ஸி ஓட்ட 1865ல இருந்தே 'நாலெட்ஜ்'னு ஒரு பரீட்சை இருக்கு. சேரிங் கிராஸ்ல இருந்து 6 மைல் சுத்துவட்டாரத்துல சுமார் 25,000 தெருவ மனப்பாடம் பண்ணனும், முடிக்க மூணு நாலு வருஷம் ஆகும். 2000ல அந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் இந்த டிரைவர்கள் மூளைய ஸ்கேன் பண்ணிப் பார்த்தப்போ இடம், வழி ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸோட பின்பகுதி மத்தவங்களவிட பெருசா இருந்துச்சு, சர்வீஸ் கூடக் கூட அந்த அளவும் கூடியிருந்துச்சு. எங்க அண்ணன் எந்த பரீட்சையும் எழுதல, ஆனா அவர் மண்டைலயும் அந்தப் பகுதி கொஞ்சம் புடைச்சுத்தான் இருக்கணும்.

இதுல செம காமெடி என்னன்னா அண்ணனும் இப்ப ஆப்புல ஓட்டறார். டேஷ்போர்டுல போன் ஒட்டி வச்சிருக்கார். உலகம் பூராவும் இதான் நடக்குது, நியூயார்க்ல மஞ்சள் டாக்ஸி உரிமம் ஒண்ணு 2014 வாக்குல 10 லட்சம் டாலருக்கு மேல போச்சு, ஆப்பு வந்து சந்தை ரொம்பினப்புறம் மதிப்பு சரிஞ்சு கடன் வாங்கி வாங்கினவங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க, 2021ல கடனைக் குறைக்கச் சொல்லி சிட்டி ஹால் வாசல்ல உண்ணாவிரதம் இருந்தாங்க. அடுத்த வருஷமே அதே மஞ்சள் டாக்ஸிகள ஊபர் தன் ஆப்புல சேர்த்துக்க ஒப்பந்தம் போட்டுச்சு. சண்டை போட்டவங்களே பங்காளி. எனக்கும் ஒருதடவை ஆப்புல புக் பண்ணினா அண்ணன்தான் மாட்டினார். 2 நிமிஷம்னு காட்டுச்சு, சிரிச்சிட்டே போன் பண்ணி "அண்ணே எங்க?"ன்னேன். "ரயில்வே கேட்டு மூடிட்டாங்கம்மா, கால் மணி ஆகும், மேல போய் உக்காரு"ன்னார். ஸ்க்ரீன்ல அப்பவும் 2 நிமிஷம்தான். மனுஷன் உண்மை சொல்றார், அவர் பேர்ல மெஷின் பொய் சொல்லுது.

மார்க்கு போடணும்னா ஆப்புக்கு பத்துக்கு எட்டு போடுவேன், பாதுகாப்பு, ரசீது, பேரம் இல்லாதது, ராத்திரி வண்டி கிடைக்கறது எல்லாத்துக்கும் சேர்த்து. ஸ்டாண்டுக்கு அஞ்சு, அதுவும் அண்ணன் ஒருத்தருக்காக, மத்தவங்களுக்கு மூணே ஜாஸ்தி.

ஆனா நீ கேட்டது டெய்லி ஆபீஸ் போக. ஸ்டாண்டுலயே பேசி வச்சுக்கோடி. எட்டு மார்க் வாங்கினவன்தான் நேத்து என்னையும் அம்மாவையும் வெயில்ல நிக்க வச்சான், கடைசில கேன்சல் சார்ஜும் போட்டான். அந்த காசு திரும்ப வந்துச்சுன்னா ஒருவேளை வேற மாதிரி சொல்வேன், இன்னைக்கு இதான் பதில். அண்ணன் நம்பர் தனியா அனுப்பறேன், காலைல எட்டுல இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் அவர கேக்காத, அது எனக்கு.