மூன்றாவது பேட்டரி: போக்கிமான் கோல்டுடன் குடித்தனம் நடத்திய கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் போக்கிமான் கோல்டு கார்ட்ரிட்ஜுக்கு (கேம்பாய் என்ற கையடக்க மெஷினில் செருகி ஆடும் பழைய வீடியோ கேம்) மூன்றாவது முறையாக பேட்டரி மாற்றினேன். அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்ததுதான் தப்பு. பழைய ரூம்மேட் ஒருத்தன் பிடித்துக்கொண்டான். "மச்சி, இதே மாதிரி ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

பிடித்து வளர்க்க 251 போக்கிமான் என்கிற கற்பனைப் பிராணிகள், ஜெயித்து வாங்க 16 பேட்ஜ், 1999 நவம்பரில் ஜப்பானில் வந்தது, இதெல்லாம் அவனுக்கே தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்த கார்ட்ரிட்ஜுக்குள் நிஜமாகவே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதற்காகத்தான் நான் இதை விடாமல் வைத்திருக்கிறேன், எனக்கு இத்தனை எரிச்சல் வந்ததும் அதனால்தான்.

நமக்கு இரவென்றால் விளையாட்டுக்குள்ளும் இரவு. பகலில் பிட்ஜி என்கிற குருவி பறந்த அதே புல்வெளியில் மாலை 6 மணிக்கு மேல் ஹூட்ஹூட் என்கிற ஆந்தை வரும். ஈவீ என்கிற போக்கிமான் பாசமாகப் பழகிய பிறகு பகலில் லெவல் ஏறினால் எஸ்பியான் என்ற வேறு போக்கிமானாக உருமாறும், ராத்திரி ஏறினால் அம்ப்ரியானாக. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் பூச்சி பிடிக்கும் போட்டி. வெள்ளிக்கிழமை மட்டும் யூனியன் குகையின் அடியில் லாப்ராஸ் என்ற அபூர்வ போக்கிமான் ஒன்று வந்து நிற்கும். 2001ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா இதைக் கையில் கொடுத்தபோது, அந்த வெள்ளிக்கிழமைக்காக வாரம் முழுக்க நாள் எண்ணிக்கொண்டு இருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் அந்த ஊரில் பொழுது போய்க்கொண்டே இருக்கிறது என்ற நினைப்பே அப்போது பெரிய விஷயமாக இருந்தது. (ஆட்டத்தின் ஆரம்பத்தில் அதில் வரும் அம்மா "இப்போது டேலைட் சேவிங் டைமா?" என்று கேட்பார், அதாவது சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் வழக்கம். அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்ததே அந்த அம்மாவால்தான்.)

இப்போது என் நிலைமை வேறு. ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டு, கேம்பாயைக் கையில் எடுக்கவே இரவு பத்தரை ஆகிவிடும். அதனால் கதை நடக்கும் ஜோட்டோ பகுதியில் எனக்கு எப்போதும் இருட்டுதான், எங்கே திரும்பினாலும் ஹூட்ஹூட்தான். எஸ்பியான் வேண்டும் என்று வளர்த்த ஈவீ இரண்டு முறையும் அம்ப்ரியானாகப் போய்விட்டது. சரி, நேரத்தை மாற்றி வைக்கலாம் என்றால் அதற்கும் பாஸ்வேர்டு வேண்டும். முதல் திரையில் கீழ் பட்டன், செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது கேட்கும் எண், உன் பெயர், ஐடி, கையில் இருக்கும் பணம் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. விளையாட்டு அதை உன்னிடம் சொல்லவே சொல்லாது. இணையத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, எட்டு மணி நேரம் தள்ளி வைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே தெருநாய் குரைக்கிறது, திரையில் பளிச்சென்று வெயில். இரண்டு நாளில் பழையபடியே மாற்றிவிட்டேன், ஏனோ ஒட்டவில்லை.

அப்புறம் அந்த பேட்டரி. கடிகாரமும் சேவும் (அதுவரை ஆடியதன் பதிவு) ஒரே சிஆர்2025 பட்டன் செல்லில்தான் ஓடுகின்றன. கடிகாரம் ராப்பகலாக மின்சாரத்தைக் குடிப்பதால் செல் சீக்கிரம் தீர்கிறது. செல் தீர்ந்தால் நேரம் மட்டும் போகாது, சேவும் சேர்ந்து போகும். 2012 வாக்கில் ஒருநாள் போட்டுப் பார்த்தால் மெனுவில் "நியூ கேம்" மட்டும் இருந்தது. 72ஆம் லெவல் வரை வளர்த்த என் டைஃப்லோஷன், பிடித்து வைத்திருந்த சிவப்பு கியாரடோஸ், ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். அவர் புது செல்லை இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டித் தந்தார். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் பஸ்ஸில் கைதவறிக் கீழே விழுந்தது, செல் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும், மறுபடியும் நியூ கேம்.

அதிலிருந்து யாரிடமும் கொடுப்பதில்லை. கார்ட்ரிட்ஜின் ஸ்க்ரூவுக்கு சாதாரண ஸ்க்ரூடிரைவர் பொருந்தாது. பழைய பால்பாயிண்ட் பேனாவின் பின்பக்கத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் ஸ்க்ரூ மேல் அழுத்தி, ஆறும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டால் பேனாவே சாவியாகிவிடும். காது போல இரண்டு தகடு வைத்த செல்லாகப் பார்த்து வாங்கி, ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். இந்த முறை மீட்டரில் பழைய செல் 2.6 வோல்ட் காட்டியது, இன்னும் சாகவில்லை. அது சாவதற்குள் கம்ப்யூட்டரில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் ரீடரில் சேவ் பதிவை எடுத்து வைத்து, புது செல் போட்டு, சேவ் பதிவைத் திரும்ப ஏற்றினேன். விளையாட்டு நேரம் மட்டும் கேட்டது. மற்றதெல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே.

இத்தனைக்கும் அடுத்த தலைமுறையாக வந்த போக்கிமான் ரூபி, சஃபையர் ஆட்டங்களில் இதைச் சரி செய்துவிட்டார்கள். அங்கே சேவ், மின்சாரம் இல்லாமலே நிற்கும் ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். செல் தீர்ந்தால் "பேட்டரி காலி" என்று ஒரு வரி சொல்லிவிட்டு விளையாட்டு பாட்டுக்கு ஓடும். மூன்று வருஷம் முன்னாடியே அப்படிச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்டால், 1999ல் அந்த விலைக்கு முடியாது என்பார்கள். நியாயம்தான். என் டைஃப்லோஷனுக்கு யார் பதில் சொல்வது?

கோபத்தில் இருக்கும்போதே, ஆட்டத்தில் வரும் கர்ட் தாத்தாவையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரிகார்ன் காய் ஒன்றைக் கொடுத்தால் ஒரு நாள் எடுத்துக்கொண்டு போக்கிமான் பிடிக்கும் விசேஷப் பந்து செய்து தருவார். நிஜமான ஒரு நாள், நம் நாள். காத்திருந்து வாங்கினால், மூன் பாலின் விசேஷம் வேலையே செய்யாது, சாதாரணப் பந்து மாதிரிதான். லவ் பால் நம் போக்கிமானுக்கு எதிர்பாலாக இருப்பதைப் பிடிக்க என்று எழுதியிருக்கும், உள்ளே கணக்கு தப்பாகி ஒரே பாலுக்குத்தான் வேலை செய்யும். ஃபாஸ்ட் பால் மொத்தமே மூன்று போக்கிமானுக்குத்தான் பயன்படும். நான் இது தெரியாமல் சின்ன வயதில் மூன் பால்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

முதல் போக்கிமான் ஆட்டம் நடந்த காண்டோ பகுதியும் இதில் உண்டு, அதைப் பலரும் கொண்டாடுவார்கள். ஒரு விளையாட்டுக்குள் இன்னொரு விளையாட்டையே வைத்த மாதிரி என்பார்கள். கப்பலேறி அங்கே போய் இறங்கியபோது எனக்கும் புல்லரித்தது. போய்ப் பார்த்தால் சின்னபார் தீவு எரிமலையில் போய்விட்டது, சஃபாரி மூடியிருக்கிறது, விரிடியன் காட்டில் காடே இல்லை. லெவல் கணக்கும் தாறுமாறு. பேட்ஜுக்காக ஜெயிக்க வேண்டிய கடைசி ஜிம் தலைவர் ப்ளூவின் போக்கிமான்களில் அதிகபட்சம் 58ஆம் லெவல், கடைசி எதிரியாக சில்வர் மலையில் நிற்கும் ரெட்டின் பிகாச்சு 81. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை குகைக்குள் சுற்றிச் சுற்றி நீயே நிரப்ப வேண்டும், அதுவும் என் மாதிரி ஆளுக்கு ராத்திரி பத்தரைக்கு மேல். ஆனால் ரெட் ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்று புள்ளி மட்டும் காட்டிவிட்டுச் சண்டைக்கு வருவான் பார், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, அவன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. விலைக்கு வருவதில் பாதி போலி, அசலே கிடைத்தாலும் உள்ளே சாகக் கிடக்கும் செல்தான் இருக்கும். நிண்டெண்டோவின் 3டிஎஸ் மெஷினில் டவுன்லோடாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, 2023 மார்ச்சில் அந்த ஆன்லைன் கடையையே மூடிவிட்டார்கள். ஆசையாக இருந்தால் இதையே புதிதாகச் செய்து 2009ல் வந்த ஹார்ட்கோல்டைத் தேடு. அது டிஎஸ் மெஷினின் கடிகாரத்தையே பார்த்துக்கொள்ளும், ஈயம் வைக்கும் வேலை இல்லை.

இதையெல்லாம் அனுப்பினேன். "அப்போ உன்னோடதைக் கொடுத்துடு, சும்மாதானே திட்டிட்டு இருக்கே" என்று பதில் வந்தது. தரமாட்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரை ஆகப் போகிறது, லாப்ராஸ் வந்திருக்கும்.