மஹாய் ஓடைக்கரையில் இரண்டு முறை டென்ட் போட்டோம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து குடும்பத்தோடு முதன்முதலாக டென்ட் போடக் கிளம்புகிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ராயல் நேட்டால் தேசியப் பூங்காவில் இருக்கும் மஹாய் திடலைத்தான். டிராக்கன்ஸ்பர்க் மலையின் வடகோடி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் என்3 நெடுஞ்சாலையில் மூய் ரிவர் தாண்டி, வின்டர்டன், பெர்க்வில் வழியாகப் பத்து மணிவாக்கில் போய்ச் சேர்ந்துவிடலாம். பெர்க்வில்லிலேயே பெட்ரோலும் பாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புல்தரை, மர நிழல், குளியலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் இந்த இடத்தின் உயிர் அந்த ஓடைதான். நான் பாபநாசம் பக்கத்தில் பிறந்தவள். பாறையில் தண்ணீர் விழுந்து ஓடுவதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். கல்யாணமாகி டர்பன் வந்த பிறகு கடல் சத்தம் பழகிவிட்டது. மஹாயில் முதல் ராத்திரி டென்டுக்குள் படுத்தபோது, கூழாங்கல் மேல் தண்ணீர் உருளும் சத்தம் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் நகம்கூடத் தெரியும். குளிரோ, பிள்ளைகள் இறங்கிய இரண்டாவது நிமிடமே கால் மரத்து, கரையேறி வெயில்பட்ட பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

முதல் முறை போனது செப்டம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில். அந்த மாதம் தப்பு. பகலில் மலைக்காற்று சூடாக அடித்து டென்ட் கம்பியை வளைத்தது. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல் சுற்றிலும் நிற்கும்போது அந்தக் காற்றில் அடுப்பு மூட்டக்கூடாது. இரண்டாம் நாள் சாயங்காலம் இடி, மின்னலோடு மழை. டர்பனில் ஒரு கடையில் வாங்கிய டென்ட். துணி 3000 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஊசித் துளையிலும் ஒரு சொட்டு உருண்டு, நீண்டு, என் சின்ன மகளின் நெற்றியில் விழுந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடிய விடிய அவளை மடியில் வைத்திருந்தேன். திரும்பிவந்து கேட்டபோது, பயன்படுத்திய பொருளை வாங்கமாட்டோம் என்றார்கள். அதனால் சொல்கிறேன், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டு முற்றத்தில் டென்டை விரித்து, ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது முறை ஏப்ரல் 27 விடுமுறையை ஒட்டிப் போனோம். இசிபிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழா முடிந்து, மழையும் ஓய்ந்திருந்தது. ஓடையில் நீர் நிறைய, வானம் சுத்தம், ராத்திரிக்கு இரண்டு போர்வை போதும். ஜூன், ஜூலையில் உறைபனி விழும், கைக்குழந்தையோடு வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் பச்சை கண்ணைப் பறிக்கும், ஆனால் பிற்பகல் இடிமழைக்குத் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில்தான் போட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். கேட்காதீர்கள். கொஞ்சம் மேட்டில் போட்டாலும் சத்தம் கேட்கும், பனி குறையும், மலையில் மழை பெய்து ஓடை ஏறினாலும் பயமில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் பயணம் புரட்டாசியில் வந்ததால் மாமியார் கறி தொடவிடவில்லை. காற்று அடங்கிய முதல் ராத்திரி, பிராய் என்னும் கறி சுடும் அடுப்பின் தணலில் சோளக்கதிரும் உருளைக்கிழங்கும் சுட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டோம். இரண்டாம் முறை ஆட்டுக்கறி இருந்தும் பிள்ளைகள் அந்த உருளைக்கிழங்கைத்தான் கேட்டார்கள். பபூன் குரங்குகளிடம் கவனம் வேண்டும். ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள் ஒன்று வந்து எடுத்துப் போய்விட்டது. சாப்பாட்டைக் காருக்குள் பூட்டுங்கள். டென்டின் ஜிப்பை நம்ப வேண்டாம்.

நடப்பதற்குப் பக்கத்திலேயே கேஸ்கேட்ஸ் அருவி இருக்கிறது. எழுபது வயது மாமியார் கைத்தடி ஊன்றி வந்தார். அங்கே பாறையில் உட்கார்ந்து, "ஊருல இப்படித்தான் தண்ணி ஓடுமா கண்ணு?" என்று கேட்டார். அவருடைய தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். மாமியார் இதுவரை தமிழ்நாட்டைப் பார்த்ததில்லை. ஆமாம் அத்தை என்றேன். அப்புறம் அவர் வெகுநேரம் பேசவில்லை.

கால் வலு உள்ளவர்கள் துகேலா பள்ளத்தாக்குக்குப் போகலாம். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் தெண்டேலே முகாம் பக்கமிருந்து தொடங்கிப் போய்வர ஏறக்குறைய 14 கிலோமீட்டர். புறப்படும் முன் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். கடைசிப் பகுதியில் பாறை தாவி ஆற்றைக் கடக்க வேண்டும்; மேகம் கறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். எதிரே ஆம்ஃபிதியேட்டர் என்னும் மலைச்சுவர் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும். அதிலிருந்து 948 மீட்டர் இறங்குகிறது துகேலா அருவி. செப்டம்பரில் ஈரக் கோடாகத் தெரிந்தது ஏப்ரலில் வெள்ளி நூலாக ஆடியது. ரிச்சர்ட்ஸ் பே போகும் வழியில் பாலத்தின் மேல் நாம் கடக்கும் அதே ஆறுதான் என்று சொன்னதும் பெரியவன் நம்பவே இல்லை.

நீண்ட விடுமுறைகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அடுத்த ஏப்ரலுக்கு நாங்கள் இப்போதே முன்பதிவு செய்துவிட்டோம், மேட்டுப் பக்கம், மாமியாரையும் சேர்த்து ஐந்து பேருக்கு.