மதுரை ஒத்தக்கடையில் மனை பேசப் போனபோது

"நாள் நல்லாயிருக்கு தம்பி, இன்னைக்கே ரெண்டு லட்சம் ரொக்கமா டோக்கன் போட்டுருங்க." புரோக்கர் இதையே திரும்பத் திரும்பச் சொன்னதில் என் பொறுமை போய்விட்டது. யானைமலை தெரிகிற மூன்று சென்ட் மனை, சென்ட் எட்டு லட்சம். உயர் நீதிமன்றக் கிளை வந்த 2004-க்கு அப்புறம் அந்தப் பக்கம் விலை ஏறித்தான் கிடக்கிறது, அதற்கு நான் கோபப்படவில்லை. மூலப்பத்திரம் கேட்டால் ஜெராக்ஸை நீட்டி, "அசல் லாக்கர்ல இருக்கு" என்கிறார்கள். கோபம் அதற்குத்தான்.

நான் இருக்கும் டொராண்டோவில் வீடு வாங்கிய என் நண்பர்கள் விற்றவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, எல்லாம் ஏஜென்ட் வழியாக எழுத்தில்தான். இங்கே விற்பவர் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து, காபி குடித்து, யார் மகன், எந்தத் தெரு என்று விசாரித்த பிறகே விலைப் பேச்சு. அந்தப் பழக்கம் இன்னும் இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த உறவாடலை வைத்தே அவசரப்படுத்துவது பொறுக்கவில்லை.

ஜெராக்ஸில் இருந்த சர்வே எண்ணைப் பதிவுத்துறை இணையதளத்தில் போட்டு, அங்கேயே போனில் வில்லங்கம் பார்த்தேன், அதாவது அந்த மனை மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். அப்பா காலத்தில் மனுப் போட்டு, நடையாய் நடந்து வாங்கிய காகிதம். இப்போது பைசா செலவில்லாமல் கைக்குள் வருகிறது. டொராண்டோவில் இதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். கடைசிப் பதிவு: உரிமை ஆவண ஒப்படைப்பு, ஒரு வங்கியின் பெயரில். அதாவது பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. கூட வந்திருந்த மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். புரோக்கர் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான பேரம். "கடனை நாங்க நேரா பேங்க்ல கட்டிப் பத்திரத்த எடுக்கிறோம்ணே, அந்த அலைச்சலுக்கு நீங்க விலையில இறங்கணும்," என்றார் மாமா. சென்ட் ஏழே காலுக்கு வந்தது. அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்புக்கு மட்டும் பத்திரம், மீதி கையில் என்ற பேச்சுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மனை விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. முழு விலைக்கே பத்திரம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம் என் பொறுப்பு.

அட்வான்ஸ் வங்கி வழியாகப் போய்விட்டது. ரசீது பதிவானதும் கிரயம். அதற்குள் எனக்காகக் கையெழுத்துப் போட அம்மா பெயருக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி, டொராண்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும்.