'டெலிவர்டு' என்று காட்டும், பார்சல் வராது: ஆன்லைனில் புடவை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சொந்த வெப்சைட் வைத்துப் புடவை விற்கும் கடைகளில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பார்சல் காணாமல் போனால் கடைக்காரர் உங்களைக் கூரியர் ஆபீசுக்கு அனுப்புவார், கூரியர்காரர் திரும்பக் கடைக்கே அனுப்புவார். அந்த அலைச்சலுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் வாங்கியது கடை, பதில் சொல்ல வேண்டியதும் கடைதான்.

கோவைப் பக்கம் உள்ள ஓர் ஆன்லைன் கடையில் அம்மாவுக்கும் அத்தைக்கும் நெகமம் காட்டன் புடவை எடுத்தேன். புடவைக்கு 3,450 ரூபாய், கூரியருக்கு 120. முழுப் பணத்தையும் யூபிஐயில் முதலிலேயே கட்டியாயிற்று. டிராக்கிங் திருச்சி வரை ஒழுங்காகக் காட்டியது. அப்புறம் ஒரு மத்தியானம் 'டெலிவர்டு' என்று மெசேஜ் வந்தது. அம்மா அந்த நேரம் முழுக்க வாசல் திண்ணையில்தான் இருந்தார். யாரும் வரவில்லை, போனும் வரவில்லை.

கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "மேம், எங்க சைடுல அனுப்பிட்டோம், டெலிவர்டுன்னு காட்டுது, கூரியர்ல கேட்டுக்கோங்க" என்று பதில். கூரியர் பிராஞ்சில் போய் நின்றால், "நீங்க புக்கிங் பார்ட்டி இல்லையே மேடம், அனுப்பினவங்க கம்ப்ளைன்ட் போட்டாத்தான் எடுப்போம்" என்றார்கள். கோபம் வந்தாலும், கூரியர்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அவர்களிடம் பார்சலை ஒப்படைத்து ரசீது வாங்கியது கடை. தேடச் சொல்லும் உரிமையும் இழப்பீடு கேட்கும் உரிமையும் முதலில் கடைக்குத்தான். அதைச் செய்யாமல் கடை நம்மை அலையவிடுகிறது.

மறுபடி கேட்டதும், "ஓப்பனிங் வீடியோ இல்லாமல் எந்தப் புகாரும் ஏற்க மாட்டோம்" என்ற விதிமுறையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். வந்தே சேராத பார்சலைப் பிரித்து எப்படி வீடியோ எடுப்பது? கிழிசல், கறை, மாற்றி அனுப்பியது போன்ற புகார்களுக்கு வைத்த நிபந்தனை அது. அதைப் பொருளே வராதவரிடம் காட்டுவது அநியாயம்.

எனக்குக் கைகொடுத்தது பிஓடி, அதாவது டெலிவரி செய்ததற்கான அத்தாட்சி. பிராஞ்சில் இருந்த அண்ணன் ஒருவர் மனமிரங்கி அதைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார். பெற்றுக்கொண்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'செக்யூரிட்டி' என்று இருந்தது. கையெழுத்து என்று ஒரு வளைந்த கோடு. போன் நம்பர் கட்டம் காலி. எங்களுடையது தெருவைப் பார்த்த தனி வீடு, செக்யூரிட்டி என்று யாரும் கிடையாது. அதைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பி, 'இதை வைத்துக் கூரியரில் நீங்கள் புகார் கொடுங்கள், புகார் எண்ணை எனக்கு அனுப்புங்கள்' என்று ஈமெயிலில் எழுதினேன். போனில் பேசுவதெல்லாம் பிறகு நிற்காது. எழுத்தில் கேளுங்கள்.

அவர்கள் அதன் பிறகும் மௌனம். இன்ஸ்டாவில் நான் போட்ட கமெண்டை அழித்து, என்னை பிளாக்கும் செய்தார்கள்.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் விற்பனை நிறுவனம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தக் கடையின் தளத்தில் அப்படி ஓர் அலுவலர் பெயரே இல்லை, புகாருக்கு என்று ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான். வாங்கும் முன் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். ஆர்டர் விவரம், யூபிஐ ரசீது, பிஓடி போட்டோ மூன்றையும் வைத்துப் புகார் பதிந்தேன். அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதையெல்லாம் எழுதி, இன்ன தேதிக்குள் பணம் வராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன் என்று கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் வைக்கவில்லை, நானே தமிழில் எழுதியதுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கூரியரின் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடியபோது கிடைத்த ஒரு நம்பர் போலி. பேசியவர் ரொம்பப் பணிவாக, "ரீடெலிவரிக்கு அஞ்சு ரூபா மட்டும் இந்த லிங்க்ல கட்டுங்க, ஒரு ஆப் இறக்குங்க" என்றார். உடனே கட் செய்துவிட்டேன். பார்சல் போன பதற்றத்தில் இருப்பவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். நம்பரைக் கூரியரின் சொந்தத் தளத்திலோ ரசீதிலோ மட்டும் பாருங்கள். யாராவது பணத்தை இழந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள், 3,450 ரூபாய் திரும்ப வந்தது. கூரியர் கட்டணம் 120-ஐத் தர முடியாது என்கிறார்கள். சேராத பார்சலுக்குக் கூரியர் கட்டணம் எதற்கு என்று அதற்கும் ஈமெயில் அனுப்பியிருக்கிறேன்.